உறுமல் எங்கிருந்து வரவேண்டும்? ஸ்போர்ட்ஸ் கார் சத்தத்துக்கு ஐந்து வழிகள்

“அண்ணே, கார் நல்லாத்தான் ஓடுது. ஆனா இந்தச் சத்தத்துல பாதி ஸ்பீக்கர்ல இருந்து வருதுன்னு தெரிஞ்சதிலேர்ந்து மனசே ஒட்டல.” பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் அனுப்பிய குரல் பதிவு இது. அவரிடம் இருப்பது டொயோட்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 86-இன் இரண்டாம் தலைமுறை, ஜிஆர் 86. அதே வாரம் செராஸிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். டர்போ ஹோண்டா சிவிக் வைத்திருக்கிறார். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்தால் பின்னால் பட்டாசு மாதிரி வெடிக்க வேண்டுமாம், எந்தப் பட்டறையில் செய்யலாம் என்று கேட்டார். மூன்றாவது ஆள் என் அக்கா மகன். செந்தூலில் இரண்டு பழைய 86 பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றதில் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாற்றியிருக்கிறார்கள், விலையும் ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குறைவு. “மாமா, சத்தமும் சேர்ந்து மலிவா கிடைக்குது, விடலாமா?”

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதில் நானும் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்பதால் நடுநிலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

## முதலில் ஒரு செப்பாங் கணக்கு

2013 மார்ச்சில் செப்பாங் பந்தயத்திடலில் புல்மேட்டில் உட்கார்ந்து ஃபார்முலா 1 பார்த்தேன். அப்போது 2.4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். காதில் அடைப்பான் இல்லாமல் உட்கார முடியாது. அடுத்த வருஷம் அதே மேடு, ஆனால் 1.6 லிட்டர் டர்போ வி6. பக்கத்தில் இருந்தவரோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டே பந்தயம் பார்த்தேன். கார்கள் வேகமாகத்தான் போயின. மனசுதான் ஏதோ குறைகிறது என்றது.

என்ன குறைந்தது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். வி8 என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு முறை. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்பது வினாடிக்கு 300 சுற்று. ஆக வினாடிக்கு 1,200 வெடிப்பு. வி6 பெரும்பாலும் 12,000 சுற்றுப் பக்கம்தான் ஓடியது: வினாடிக்கு 600. சுருதி பாதியாக இறங்கிவிட்டது. அது போதாதென்று, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ வழியில் உட்கார்ந்து வெளியேறும் புகையின் வேகத்தையும் தின்றுவிடுகிறது. 2014 மே மாதம் பார்சிலோனா சோதனையில் மெர்சிடிஸ் கார் ஒன்றின் வாலில் நாதஸ்வர அணசு மாதிரி விரிந்த குழாய் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். பலனில்லை, கழற்றிவிட்டார்கள்.

நம் கார்களுக்கும் இதே கணக்குதான். 3,000 சுற்றில் நான்கு சிலிண்டர் வினாடிக்கு 100 முறை எரியும். டொயோட்டா ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் 75 முறை. 9,000 சுற்று வரை போகும் லெக்சஸ் எல்எஃப்ஏ-வின் வி10 எஞ்சின் 750 முறை. அந்தக் காரின் ஒலியை யமஹாவைச் சேர்த்துக்கொண்டு செதுக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் செதுக்க அவர்களிடம் 750 இருந்தது. நம் நான்கு சிலிண்டரில் எந்தக் குழாயை மாட்டினாலும் அது வராது. குழாயை மாற்றினால் தொண்டை மாறும், சுருதி மாறாது. பட்டறைக்குப் போகுமுன் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் காசு மிச்சம்.

கம்பெனிகள் ஏன் இப்படி ஒலியைச் ‘செய்கின்றன’ என்பதற்கும் காரணம் உண்டு. ஐ.நா.வின் வாகன இரைச்சல் விதி 51, 2016-இலிருந்து படிப்படியாக இறுகி வருகிறது. சாதாரணக் கார்களுக்கு 72 டெசிபல், பிறகு 70, பிறகு 68. சக்தி கூடிய கார்களுக்குக் கொஞ்சம் சலுகை. 2018-இலிருந்து ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் துகள் வடிகட்டி வேறு வந்து சேர்ந்தது. அதுவும் சத்தத்தை அமுக்கும். வெளியே கத்தக்கூடாது, உள்ளே பாட வேண்டும். இந்த இக்கட்டு இறுக இறுகப் பரவியவைதான் கீழே வரும் வழிகளில் முதல் மூன்றும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் அளவுகோல், காலுக்கும் காதுக்கும் உள்ள உறவு. பெடலை ஒரு விரல் அகலம் கூட அழுத்தினால் சத்தம் அந்த அளவுக்கு மாறுகிறதா? தைப்பூசத்தில் பத்துமலையில் உறுமி கேட்டிருப்பீர்கள். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் முனகல், கை அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கூட்டம் ஆடுவது அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான். பக்கத்திலேயே ஜெனரேட்டர் இன்னும் சத்தமாக ஓடும், அதற்கு யாரும் ஆடுவதில்லை. காரும் அப்படித்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பெண்.

அடுத்தது நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் தலை என்ன ஆகும் என்பது. அப்புறம் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், அக்கம்பக்கம். விடிகாலையில் எஞ்சினைத் தட்டினால் யார் யார் எழுந்திருப்பார்கள்? பிறகு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), சுற்றுச்சூழல் துறை, வாகனப் பரிசோதனை செய்யும் புஸ்பகோம். கடைசியாக, பில்லில் வராத செலவும், மனசு மாறினால் பழையபடி திருப்ப முடியுமா என்பதும்.

## ஸ்பீக்கர் வழி வரும் சத்தம்

எஞ்சின் சுற்று, பெடல் நிலை, வேகம் மூன்றையும் கம்ப்யூட்டர் படித்து, அதற்கேற்ற ஒலியைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் விடும். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இதைச் செய்தபோது பெரிய ரகளை ஆனது. 2015 ஃபோர்ட் மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் டர்போவிலும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் ஸ்பீக்கருக்குப் பதில் முன்கண்ணாடிக்கு அடியில் ஓர் அதிர்வுத் தட்டை வைத்தார்கள். இரண்டாம் தலைமுறை 86-இலும் ஜிஆர் யாரிஸிலும் ஸ்பீக்கர்தான்.

இதைப் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மைக் வைத்துப் பாடுகிறவரைப் பொய்ப் பாடகர் என்று யாரும் சொல்வதில்லை. பதிவை ஓடவிட்டு வாயசைத்தால்தான் கோபம் வரும். இந்த அமைப்புகளிலும் இரண்டு ரகமும் உண்டு. பெடலைப் பாதியில் நிறுத்தி மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். சத்தம் கூடவே வழுக்கிக்கொண்டு வந்தால் அது மைக். ஒரு நொடி தாமதித்து, படிக்கட்டு மாதிரி குதித்து வந்தால் வாயசைப்பு.

நெடுஞ்சாலையில் இதற்கு முழு மதிப்பெண். நிதானமாகப் போகும்போது தானே அடங்கிவிடும். அண்டை வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. ஜேபிஜேக்கு இதில் வேலையே இல்லை. முதல் செலவு பூஜ்யம்.

குறை எங்கே என்றால், கண்ணாடியை இறக்கியதும் மாயை கலைந்துவிடும். வெளியே சாதுவான தையல் மிஷின், உள்ளே புலி. பலர் கோபத்தில் அந்தப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில கார்களில் அதே பெட்டிதான் எதிர் ஒலியை விட்டு அனாவசிய இரைச்சலை அமுக்கும் வேலையையும் பார்க்கிறது. பிடுங்கினால் பாட்டு நிற்கும், இரைச்சல் கூடும். ஆடியோ செட்டை மாற்ற நினைப்பவர்களும் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மின்சாரக் கார்க்காரர்களுக்கு இது ஒன்றுதான் வழி. ஹூண்டாய் ஐயோனிக் 5 என் போலி சத்தத்தோடு போலி எட்டு கியரையும் சேர்த்துக் கொடுக்கிறது, சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கியர் மாறும் அந்தச் சின்னக் குலுக்கலும் சத்தமும் வளைவுக்குள் எவ்வளவு வேகத்தில் நுழைகிறோம் என்பதை உடம்புக்குச் சொல்லிவிடும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் வேலை மிச்சம்.

## காற்றுக்குழாய் வழி வரும் சத்தம்

யாரும் அதிகம் பேசாத வழி, எனக்குப் பிடித்த வழி. முதல் தலைமுறை 86-இல் எஞ்சின் காற்று உறிஞ்சும் பாதையிலிருந்து ஒரு கிளைக்குழாய் பிரியும். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. காற்றின் துடிப்பில் அந்தச் சவ்வு அதிர, அந்த அதிர்வு மட்டும் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் வந்து சேரும். கிட்டத்தட்ட மிருதங்கத் தோல்தான். கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. போர்ஷே 911, ஃபோர்ட் ஃபோகஸ் எஸ்டி ஆகியவற்றிலும் இதே யோசனை உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கும் இப்படி ஒன்று வந்தது.

பெடலை நன்றாக மிதித்தால் மட்டும் சத்தம், விட்டால் அமைதி. உறிஞ்சும் சத்தம் காலுக்குப் பதில் சொல்வதுபோல் வெளியேறும் சத்தம் சொல்வதில்லை, ஏனென்றால் பெடல் திறப்பதே காற்று உள்ளே போகும் கதவைத்தான். செலவும் கிடையாது. சவ்வு காலப்போக்கில் காய்ந்து கிழியலாம், அவ்வளவுதான்.

டர்போ கார்களில் இது அவ்வளவு எடுபடாது. டர்போ நடுவில் இருந்தால் துடிப்பு மழுங்கி, விசில் மட்டும்தான் மிஞ்சும். அந்த விசில் பிடித்தவர்களும் உண்டு, நான் இல்லை.

## வால்வு வைத்த எக்ஸாஸ்ட்

சைலன்சருக்குள் இரண்டு பாதை, நடுவில் ஒரு தகட்டுக் கதவு. மெதுவாகப் போகும்போது கதவு மூடி, புகை நீண்ட பாதையில் சுற்றி வரும். சுற்று ஏறினாலோ ஸ்போர்ட் பட்டனை அமுக்கினாலோ கதவு திறந்து நேர்ப்பாதை. போர்ஷே, மெர்சிடிஸ் ஏஎம்ஜி, ஜாகுவார் எஃப்-டைப் எல்லாம் இந்த ரகம். இப்போதைய சிவிக் டைப் ஆரில் வால்வும் உண்டு, ஸ்பீக்கர் சத்தமும் உண்டு. 2018 மஸ்டாங் வி8-இல் காலை எத்தனை மணிவரை கார் அடக்கமாகக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம். நல்ல அண்டைவீட்டுக்காரர் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். இதை யோசித்தவர் கட்டாயம் தாமானில் குடியிருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கம்பெனி வால்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆறு அளவுகோலில் ஐந்தில் பாஸ். (ஐந்துதானே சொன்னீர்கள் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு: கடைசி அளவுகோலில் நான் இரண்டைத் திணித்துவிட்டேன்.) தேறாதது செலவு. கதவை இயக்கும் சின்ன மோட்டாரோ வாக்யூம் குழாயோ நம் ஊர் மழையிலும் சூட்டிலும் ஒரு நாள் மக்கர் பண்ணும். அப்போது கதவு திறந்தபடியோ மூடியபடியோ சிக்கிக்கொள்ளும், அல்லது சாலைச் சிவப்பு விளக்கில் டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியதுபோல் கடகடக்கும். பழைய கார் வாங்குகிறவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பட்டனை அமுக்கி, பின்னால் ஒருவரை நிற்கவைத்துக் கதவு அசைகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் ரிமோட்டோடு மாட்டித்தரும் வால்வு வேறு கதை. ரிமோட்டைக் காட்டிச் சாலைத் தடுப்பில் தப்பிவிடலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

## மாற்று எக்ஸாஸ்ட்: என் 4,200 வெள்ளி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் நேராக இங்கேதான் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன்.

என் கார் பழைய 86, மேனுவல். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாலிருந்து முழுதும் மாற்றும் ஸ்டெயின்லெஸ் செட், கூலியோடு 4,200 வெள்ளி. மாட்டிய இரவே காராக் நெடுஞ்சாலையில் ஏறினேன். கெந்திங் செம்பா சுரங்கத்துக்குள் நுழையுமுன் கண்ணாடிகளை இறக்கி, மூன்றாவது கியருக்குத் தட்டி மிதித்தேன். சுவர் இரண்டும் திருப்பிப் பாடின. நாற்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு 4,200 கொடுக்கலாம் என்றுதான் அன்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து மனைவியோடு பினாங்குக்குப் பயணம். மணிக்கு 110 கிலோமீட்டரில், ஆறாவது கியரில் என் கார் 2,900 சுற்றைத் தாண்டி ஓடும். மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு ஏறக்குறைய 100 துடிப்பு. அந்த அதிர்வெண்ணில் காரின் கூடே பானை மாதிரி சேர்ந்து முழங்க ஆரம்பித்துவிட்டது. ஊம்ம்ம் என்று ஒரே சுருதி, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. தஞ்சோங் மாலிம் வருமுன் பேச்சு நின்றது. தாப்பா வந்தபோது மனைவி டிஷ்யூவைச் சுருட்டிக் காதில் வைத்திருந்தார். 95-க்கு இறக்கினால் ஊம் அடங்கியது. பட்டர்வொர்த் வரை இடது ஓரத்தில், லோரிகளுக்குப் பின்னாலேயே போனோம். ஸ்போர்ட்ஸ் காரில் வேகத்தைக் குறைத்தது சட்டத்துக்காக இல்லை, தலைவலிக்காக.

மருந்து இருக்கிறது. ஒரு முனை அடைத்த கிளைக்குழாயைச் சரியான நீளத்தில் ஒட்டவைத்தால், அதற்குள் போய்த் திரும்பும் அலை அந்த ஒரு சுருதியை மட்டும் அழித்துவிடும். நீளம் அலையின் கால் பங்கு. சூடான புகையில் ஒலி வினாடிக்கு 500 மீட்டர் அளவில் போகும் என்று வைத்தால், 100 துடிப்புக்கு ஓர் அலை 5 மீட்டர்; கால் பங்கு ஒன்றேகால் மீட்டர். நான் போன முதல் பட்டறையில் கண்ணளவில் அரை மீட்டர் குழாய் ஒன்றை வெல்டிங் வைத்தார்கள். அது 250 துடிப்பை அழிக்கும் குழாய். என் பிரச்சினை அசையவில்லை. வேறோர் இடத்தில் அளந்து, வளைத்து, மறுபடி வைக்க இன்னொரு 650 வெள்ளி. இதுதான் பில்லில் வராத முதல் செலவு.

இரண்டாவது, உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு. நேர்க்குழாய் சைலன்சரில் சத்தத்தை வாங்கிக்கொள்வது அந்தப் பஞ்சுதான். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து பறந்துபோகும். வாங்கிய நாளில் கேட்ட சத்தம் மூன்றாம் வருஷம் இருக்காது. கரகரத்து, தகரமாகி, இன்னும் பெரிதாகிவிடும். கடையில் கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

மூன்றாவது, எதிர்வீட்டு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்). இரவு காவல் வேலை முடித்து ஆறு மணிக்குத்தான் வந்து படுப்பார். குளிர்ந்த எஞ்சினைத் தட்டியதும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்குவதற்காகக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே சுற்றை ஏற்றி வைக்கும். ஆக நாள் முழுக்க நின்ற இடத்தில் கார் அதிகமாகக் கத்துவது அந்த முதல் நிமிடத்தில்தான், அதுவும் தாமானின் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில். மூன்று மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர் ஒரு நாள் கேட்டருகில் வந்து, “அடிக், பாகி-பாகி பிசிங் லா” (தம்பி, காலங்காத்தால சத்தமா இருக்குப்பா) என்றார். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சலாக. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அன்றிலிருந்து ஒரு மாதம் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் நடக்கிறான்!

நான்காவது சட்டம். 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகள் சுற்றுச்சூழல் துறையின் கையில். 1959-ஆம் ஆண்டின் வாகன அமைப்பு விதிகள் ஜேபிஜேயின் கையில். சோதனையில் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் மைக்கை வைத்து, எஞ்சினை ஏற்றி அளப்பார்கள். தேறாவிட்டால் சம்மன், பிறகு பழையபடி மாற்றிக் கொண்டுபோய்க் காட்டும் அலைச்சல். விற்கும்போது பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போக வேண்டும்; அதற்கும் பழைய குழாய் தேவைப்படலாம். ஆகவே கழற்றிய பழைய செட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். என்னுடையது ஒன்றரை வருஷம் ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. வாரண்டி இருக்கும் கார் என்றால் விற்பனை மையத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் இது யாருக்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தனி வீடு, வாரநாளுக்கு வேறு கார், மாதம் ஒரு முறை செப்பாங் டிராக் டே அல்லது விடுமுறையில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு அந்த வளைவுச் சாலை: இப்படி வாழ்கிறவருக்கு, ஒலி அளவுச் சான்றோடு வரும் நல்ல செட் தரும் சந்தோஷத்தை வேறெதுவும் தராது.

## காலை எடுத்தால் வெடிக்கும் ரகம்

பெடலை விட்டதும் பெட்ரோலை நிறுத்தாமல் கொஞ்சம் ஊற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தினால், எரிய வேண்டியது எஞ்சினுக்குள் எரியாமல் எக்ஸாஸ்ட் குழாயில் எரியும். சில கம்பெனிகளே அளவோடு இதைச் செய்கின்றன. பட்டறைக் கம்ப்யூட்டரில் செய்வதற்குப் பெரும்பாலும் அளவு கிடையாது.

அந்தச் சூடு போய்ச் சேரும் இடங்கள் எக்ஸாஸ்ட் வால்வு, டர்போ, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி பீங்கான். அது உருகி அடைத்துக்கொண்டால் எஞ்சின் மூச்சு முட்டும். அதைத் தவிர்க்கக் கன்வர்ட்டரையே கழற்றிவிடலாம் என்று அதே பட்டறையில் ஒரு யோசனையும் கிடைக்கும். அது சட்டமீறல். புகை நாற்றம் காருக்குள்ளேயே வரும்.

முதல் அளவுகோலிலும் இது தேறவில்லை. வெடிப்பது நீங்கள் மிதிக்கும்போது இல்லை, காலை எடுக்கும்போது. எவ்வளவு எடுத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள் என்பதால்தான் பட்டாசு இனிக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | காலுக்குப் பதில் | 110-இல் மூன்று மணி நேரம் | விடிகாலைத் தாமான் | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பீக்கர் | மைக் ரகம் நல்லது, வாயசைப்பு ரகம் மோசம் | தொந்தரவு இல்லை | யாருக்கும் தெரியாது | ஆடியோ மாற்றினால் சிக்கல் |
| காற்றுக்குழாய் | மிக நல்லது | தொந்தரவு இல்லை | யாருக்கும் தெரியாது | ஏறக்குறைய இல்லை |
| கம்பெனி வால்வு | நல்லது | மூடி வைத்தால் அமைதி | மூடி வைத்தால் பரவாயில்லை | கதவு, மோட்டார் ரிப்பேர் |
| மாற்று எக்ஸாஸ்ட் | நல்லது, பஞ்சு இருக்கும்வரை | ஊம் வந்தால் நரகம் | பாக்சிக்கைக் கேளுங்கள் | கிளைக்குழாய், பஞ்சு, சம்மன், ஸ்டோர் அறை |
| வெடிச்சத்தம் | சம்பந்தமே இல்லை | பெரும்பாலும் வராது | மன்னிப்புக் கிடைக்காது | கன்வர்ட்டர், டர்போ |

## மூவருக்கும் சொன்னது

செராஸ்காரருக்கு வேண்டாம் என்றேன். கேட்பாரா தெரியாது. பேசும்போது அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கியர் மாற்றும்போது ஏதாவது கேட்க வேண்டும் என்பதுதான் என்று புரிந்தது. அவர் வீடு கொண்டோ. தரையடிக் கார் நிறுத்துமிடத்தில் எந்தச் சத்தமும் இரண்டு மடங்காகும். முதலில் காற்று வடிகட்டிப் பெட்டிப் பக்கம் சின்ன மாற்றம் செய்து பாருங்கள், இருநூறு முந்நூறு வெள்ளியில் டர்போ மூச்சு விடுவது காதில் விழும், பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகனிடம் ஆறாயிரத்தைக் கணக்குப் போடச் சொன்னேன். விற்பவரிடம் பழைய எக்ஸாஸ்ட் செட் இருக்கிறதா? இல்லை என்றாராம். அப்படியென்றால் அது ஆறாயிரம் தள்ளுபடி இல்லை; பழைய செட்டைத் தேடி வாங்கும் செலவு, பஞ்சு போன சைலன்சர், முன்னாள் சொந்தக்காரர் அதை எப்படி ஓட்டியிருப்பார் என்ற சந்தேகம், இவ்வளவும் சேர்ந்த விலை. மாற்றாத காரை எடு, காற்றுக்குழாயின் சவ்வு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார் என்றேன். சில பேர் அந்தக் குழாயை அடைத்து வைத்திருப்பார்கள். அந்த அடைப்பு இருந்தால் பிடுங்கி எறி, அதுவே உனக்கு இலவச எக்ஸாஸ்ட்.

பாயான் லெப்பாஸ் தம்பி விஷயம்தான் இழுத்தது. ஸ்பீக்கர் பெட்டியைப் பிடுங்கலாமா என்பது அவர் கேள்வி. பிடுங்குங்கள், ஆனால் வெட்டாதீர்கள், இணைப்பை மட்டும் கழற்றுங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படியே பாலிக் புலாவுக்கு ஒரு சுற்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. அடுத்த ஞாயிறு பெட்டியை மாட்டிக்கொண்டு அதே சாலை, அதே நேரம். போன வாரம் பதில் வந்தது. பிடுங்கிய வாரம் எஞ்சின் சத்தத்தைவிட டயர் சத்தமும், கியர் பெட்டியின் முனகலும்தான் தெளிவாகக் கேட்டதாம். மாட்டிய வாரம், எந்த வளைவில் எந்தக் கியர் என்று மீட்டரைப் பார்க்காமலேயே தெரிந்ததாம்.

“அப்ப மாட்டியே வச்சுக்கிறேன்ணே,” என்றார். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு குரல் பதிவு: “ஆனா அந்த கியர்பாக்ஸ் சத்தமும் நல்லாத்தான் இருந்துச்சு.”